ஹூஸ்டனில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் லத்தினோக்கள், நகர மன்றத்தில் மட்டும் ஏன் ஆளைக் காணோம்?

ஹூஸ்டன்_கதிர்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டனுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் லத்தினோ மக்கள் (லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வம்சமும், ஹிஸ்பானிக் என்றும் சொல்வார்கள்) என்றால் கட்டட வேலை, புல்வெட்டும் வேலை, ஓட்டல் சமையலறை, இவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. இப்போது எங்கள் வீட்டுக் கடன் பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவர், பையனின் கணக்கு டீச்சர், எங்கள் தெருவிலேயே ஆறு வண்டிகள் வைத்துக் கூரை போடும் தொழில் நடத்துகிறவர் எல்லாருமே மெக்சிகோ, எல் சல்வடோர், ஹோண்டுராஸ் குடும்பத்துப் பிள்ளைகள்.

2020 சென்சஸில் நாடு முழுக்க லத்தினோக்கள் 6.21 கோடிப் பேர், அதாவது 18.7 சதவீதம். அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் அமெரிக்காவில் கூடிய மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இவர்கள்தான். டெக்ஸாஸில் 2022 கணக்குப்படி வெள்ளையர்களைத் தாண்டி இவர்களே பெரிய சமூகம். பணக் கணக்கும் சின்னதில்லை. லத்தினோ டோனர் கொலாபரேட்டிவ் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை 2021-ல் இவர்களுடைய மொத்தப் பொருளாதார உற்பத்தியை 3.2 லட்சம் கோடி டாலர் என்று போட்டிருந்தது, தனி நாடாக இருந்தால் உலகத்தில் ஐந்தாவது இடமாம்.

சரி, இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். ஹூஸ்டன் மக்களில் சுமார் 45 சதவீதம் ஹிஸ்பானிக். நகர மன்றத்தில் 16 இடங்கள். 2022-ல் அந்தப் பதினாறில் லத்தினோ உறுப்பினர் ஒரே ஒருவர். அடுத்த தேர்தலில் கொஞ்சம் கூடியது, ஆனாலும் 45 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. லத்தினோ மேயர் இன்றுவரை வந்ததே இல்லை.

அலுவலகத்தில் ஒருவர் "அவர்களுக்கு அரசியலில் அக்கறை கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றில் வேலை உடுப்போடு நேராக வந்த ஒரு அம்மா, இரண்டு மணி நேரம் வரிசையில் காத்திருந்து ஸ்பானிஷில் பேசினார், பேசி முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் சொன்னது சரியாக வரவில்லை என்று தன் மகளை எழுப்பி ஆங்கிலத்தில் மறுபடி சொல்லவைத்தார். அக்கறை இல்லாதவர் செய்கிற காரியமா இது? அப்படியென்றால் தடை எங்கே இருக்கிறது?

யாக்கிமா_செல்வி:

கதிர் அண்ணா, நீங்கள் எண்ணியது தலைகளை. தேர்தலில் எண்ணப்படுவது 18 வயது தாண்டிய குடிமக்கள் மட்டும். 2024-ல் நாடு முழுக்க ஓட்டுரிமை உள்ள லத்தினோக்கள் சுமார் 3.62 கோடி, மொத்தமோ ஆறரைக் கோடிக்கு மேல். அதாவது பாதிக்குச் சற்றே அதிகம். மீதிப் பேரில் ஒரு பெரிய பங்கு குழந்தைகள், இன்னொரு பங்கு கிரீன் கார்டோடு நிற்பவர்களும் அதுவும் இல்லாதவர்களும். குழந்தைகள் விஷயம் தானாகச் சரியாகும், வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் லத்தினோ பிள்ளைகள் 18 வயதை எட்டுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள்.

இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, நான் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் 2010-லிருந்து இருக்கிறேன். ஆப்பிளும், பீருக்குப் போடும் ஹாப்ஸும் விளைகிற பள்ளத்தாக்கு. பறிப்பது, தரம் பிரிப்பது, பெட்டி கட்டுவது எல்லாம் லத்தினோ கைகள். ஊரில் பத்துக்கு நான்கு பேர் அவர்கள். ஆனால் நகர மன்றத்தின் ஏழு இடங்களில் அப்போதிருந்த தேர்தல் முறையில் 37 வருஷமாக ஒரு லத்தினோகூடத் தேர்தலில் ஜெயித்ததில்லை.

என்ன முறை அது? கடைசிச் சுற்றில் எல்லா இடங்களுக்கும் ஊர் முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போட வேண்டும். லத்தினோ குடும்பங்கள் நெருக்கமாக வாழ்வது ஊரின் கிழக்குப் பக்கம். அவர்கள் ஒருவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தாலும், வயதானவர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும் அதிகம் இருக்கும் மேற்குப் பக்கத்து ஓட்டுகள் வந்து அதை மூழ்கடித்துவிடும். ஏழு இடமும் ஒரே பக்கத்துக்குப் போகும். யாரும் யாரையும் வாசலில் நின்று தடுக்கவில்லை, சீட்டு எண்ணும் முறையே போதுமானதாக இருந்தது.

2012-ல் ஏ.சி.எல்.யு. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. 2014 ஆகஸ்டில், இந்த முறை 1965-ம் வருஷத்து வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. ஊரை ஏழு வார்டுகளாகப் பிரித்தார்கள். 2015 நவம்பரில் மூன்று லத்தினா பெண்கள் ஒரே தேர்தலில் உள்ளே போனார்கள். அந்த வருஷக் கோடையை நான் மறக்கவே மாட்டேன். நாங்கள் குடியிருந்த வாடகை வீடு கிழக்குப் பக்கம். ஐந்து வருஷத்தில் ஒரு வேட்பாளர்கூட எங்கள் கதவைத் தட்டியதில்லை, அந்தக் கோடையில் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். எனக்கு ஓட்டே கிடையாது, அதைச் சொன்ன பிறகும் ஒருவர் நின்று, தெருவிளக்கு எங்கே எரியவில்லை என்று குறித்துக்கொண்டு போனார்.

ஹூஸ்டனில் 11 வார்டு, ஊர் முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போடும் 5 பொது இடங்கள் என்று நினைக்கிறேன். அந்த ஐந்தைப் பற்றி விசாரித்துப் பாருங்கள்.

வரிக்கணக்கு_மீனா:

செல்வி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஹூஸ்டனின் அந்த ஐந்து பொது இடங்களை எதிர்த்து 2022 டிசம்பரில் லுலாக் என்ற லத்தினோ உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. லுலாக் ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை, 1929-ல் கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஆரம்பித்தது.

கதிர், உங்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. நான் இருக்கும் பாசடீனா, சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய ஊர். எங்கள் மன்றத்தில் எட்டு வார்டு, எட்டு உறுப்பினர். டெக்ஸாஸ் மாதிரி மாநிலங்கள் தேர்தல் முறையை மாற்ற மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 2013 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு செயலிழந்தது. அதே வருஷம் எங்கள் ஊரில் ஆறு வார்டும் இரண்டு பொது இடமும் என்று மாற்றினார்கள். லத்தினோ ஓட்டு பெரும்பான்மையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது! 2017 ஜனவரியில் நீதிமன்றம், லத்தினோ வாக்கின் பலத்தைக் குறைக்கும் நோக்கத்தோடுதான் இதைச் செய்தார்கள் என்று சொல்லி, பழைய எட்டு வார்டையே திருப்பிக் கொண்டுவந்தது. ஆகவே அக்கறை இல்லை என்று சொல்கிற உங்கள் நண்பரிடம், அக்கறை இல்லாதவர்களின் ஓட்டைக் குறைக்க எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன், அது என் தொழில். பத்து வருஷமாக வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் லத்தினோக்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள்கூட ஐ.டி.ஐ.என். என்ற வரி கட்டுவதற்கான எண் வாங்கி ஒழுங்காக வரி கட்டுகிறார்கள். ஆவணம் இல்லாத குடியேறிகள் எல்லாரும் சேர்ந்து 2022-ல் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று ஒரு வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதில் ஒரு பெரிய தொகை சோஷியல் செக்யூரிட்டிக்குப் போகிறது, அந்த ஓய்வூதியம் அவர்கள் கைக்கு வரப்போவதே இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் இதை நினைத்து மனது கனத்துப் போகும்.

தொழில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் ஹிஸ்பானிக் நிறுவனங்கள் 2022 கணக்குப்படி ஏறத்தாழ 4.65 லட்சம், ஆள் வைக்காமல் குடும்பமாக நடத்துபவை இதைவிடப் பல மடங்கு. முதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலர் சொல்வது "தாண்டா". நம்ம சீட்டேதான்! பத்துப் பேர், வாரம் நூறு டாலர், முறை வைத்து ஒருவர் எடுப்பது, தலைவியின் வாக்குதான் பத்திரம். முதல் லாரி, முதல் அடுப்பு, முதல் மாத வாடகை எல்லாம் அதில்தான் வரும். ஏனென்றால் வங்கிக்குப் போனால் கிரெடிட் வரலாறு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால் அந்த 3.2 லட்சம் கோடியைப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அது ஒரு வருஷத்து உற்பத்தி, சேர்த்து வைத்த சொத்து வேறு விஷயம். 2022-ல் சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் ஹிஸ்பானிக் குடும்பத்தின் சொத்து 61,600 டாலர், அதே மாதிரி நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர் என்று ஃபெடரல் ரிசர்வ் கணக்கு சொல்கிறது. தேர்தலுக்கு நன்கொடை கொடுக்கிறவர்களும், இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் பிரசாரம் செய்ய முடிகிறவர்களும் சொத்து உள்ளவர்கள்தானே.

மெக்காலன்_ராஜா:

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் லத்தினோ ஓட்டு என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதை மட்டும் நிறுத்துங்கள். நான் இருப்பது டெக்ஸாஸின் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. பக்கத்து ஸ்டார் கவுண்டியில் நூற்றுக்கு 97 பேர் லத்தினோ. 2016-ல் ஹிலரி கிளின்டனுக்கு 79 சதவீதம் போட்டார்கள். 2024-ல் அதே கவுண்டியில் டிரம்ப் சுமார் 58 சதவீதத்தோடு ஜெயித்தார், நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே குடியரசுக் கட்சி ஜெயித்ததே கிடையாது.

இங்கே வாழ்ந்து பார்த்தால் காரணம் புரியும். எண்ணெய் வயலில் வேலை செய்கிறவர்கள், எல்லைக் காவல் படையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அது இந்தப் பக்கத்தில் நல்ல சம்பளம் தரும் அரசு வேலை. விலைவாசி தாங்க முடியவில்லை. அதைவிட முக்கியமாக, இந்த ஓட்டு எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பில் ஜனநாயகக் கட்சி பல வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. 2024-ல் நாடு முழுக்கவே லத்தினோ ஓட்டு ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தது. மயாமியின் கியூபர், நியூயார்க்கின் டொமினிகர், லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி, இவர்களுக்குள் வந்த வழியும் வேறு, வந்த காலமும் வேறு, பயப்படுகிற விஷயமும் வேறு. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமக்கள், அவர்களுக்குக் குடியேற்றப் பிரச்சினையே இல்லை. ஒரு சமூகத்தின் ஓட்டு இப்படி இடம் மாறக்கூடியது என்று இரண்டு கட்சியும் பயப்பட ஆரம்பித்தால், என்னைக் கேட்டால், அதுதான் உண்மையான செல்வாக்கு.

இன்னொன்று, இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமானால் கிறிஸ்டல் சிட்டி என்ற ஊரின் கதையைத் தேடிப் படியுங்கள். சான் அன்டோனியோவுக்குத் தென்மேற்கே, கீரை விளைகிற சின்ன ஊர், நடு ஊரில் கீரை தின்னும் கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் சிலை நிற்கும். ஊரில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி, ஆட்சியோ முழுக்க வெள்ளையர் கையில். அப்போது டெக்ஸாஸில் ஓட்டுப் போடவே 1.75 டாலர் வரி கட்ட வேண்டும், வயலில் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. கீரையை டப்பாவில் அடைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் சங்கமும் மற்றவர்களும் வீடு வீடாகப் போய் அந்த வரியைக் கட்டவைத்தார்கள். 1963 தேர்தலில் ஐந்து மெக்சிகோ அமெரிக்கர்கள் நின்றார்கள், ஐந்து இடமும் அவர்களுக்கே! இரண்டே வருஷத்தில் இழந்தும் விட்டார்கள், நிர்வாக அனுபவம் இல்லை, வேலையைக் காட்டி மிரட்டல், உள்ளுக்குள் பிளவு, எல்லாம் சேர்ந்துகொண்டது.

ஆனால் அது அங்கே முடியவில்லை. 1969 டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். பள்ளியில் பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளி மாணவிகள், விளையாட்டில் உற்சாகமூட்டும் குழுவில் மட்டும் அவர்களுக்கு ஒரே ஒரு இடம், பொறி அங்கேதான் விழுந்தது. பெற்றோர்கள் பின்னால் நின்றார்கள். 1970 ஏப்ரலில் லா ராசா உனிதா என்ற மெக்சிகோ அமெரிக்கர்களின் கட்சி வேட்பாளர்கள் ஸ்கூல் போர்டைப் பிடித்தார்கள். அதே காலத்து ஆள் சான் அன்டோனியோவின் வில்லி வெலாஸ்கெஸ். 1974-ல் வாக்காளர் பதிவுக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கி, "சு வோட்டோ எஸ் சு வோஸ்", உன் ஓட்டுதான் உன் குரல் என்று ஊர் ஊராகப் போனார். அவர் மேடையில் வானளாவப் பேசமாட்டார். உங்கள் தெருவில் சாக்கடை இருக்கிறதா, தார் போட்டிருக்கிறதா என்றுதான் கேட்பார். 1975-ல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டு ஸ்பானிஷிலும் வாக்குச்சீட்டு வந்ததற்கு இந்த மாதிரி ஊர்களின் உழைப்பு பின்னால் இருக்கிறது.

பென்சில்வேனியா_பாலா:

தெற்கே மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் மாநிலத்தில் ஹேஸில்டன் என்று பழைய நிலக்கரி ஊர். சுரங்கம் மூடி, இளைஞர்கள் போய், கடைவீதி காலியாகிக்கொண்டிருந்தது. 2000-ல் லத்தினோக்கள் ஐந்து சதவீதம்கூட இல்லை. அப்புறம் நியூயார்க், நியூஜெர்சியிலிருந்து டொமினிகன் குடும்பங்கள் குறைந்த வாடகையையும் கிடங்கு வேலைகளையும் தேடி வந்தார்கள். 2006-ல் ஆவணம் இல்லாதவர்களுக்கு வீடு கொடுத்தால் அபராதம், வேலை கொடுத்தால் கடை உரிமம் போகும் என்று ஊர் நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது, நாடே அதைப் பற்றிப் பேசியது. மறு வருஷமே நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, ஊரின் மேல்முறையீடும் நிற்கவில்லை. 2020 சென்சஸில் ஊரில் 60 சதவீதத்துக்கு மேல் லத்தினோக்கள். காலியாகக் கிடந்த அந்தக் கடைவீதியில் இன்று முடிதிருத்தும் கடை, பேக்கரி, பணம் அனுப்பும் கடை, வரி அலுவலகம். பக்கத்தில் ரெடிங், ஆலன்டவுன் இரண்டிலும் லத்தினோ மேயர்கள் வந்துவிட்டார்கள், ஹேஸில்டனும் அந்த வழியில் போகும் என்றுதான் நம்புகிறேன்.

சிகாகோ_நித்யா:

ஒரு சின்னச் சேர்ப்பு. லிட்டில் வில்லேஜ் பகுதியின் 26-வது தெருவைப் பற்றி இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள், நகரத்தில் மாக்னிஃபிசென்ட் மைல் என்ற பெரிய கடைத்தெருவுக்கு அடுத்தபடியாக விற்பனை வரி ஈட்டித் தரும் கடைவீதி என்று. 2025 இலையுதிர் காலத்தில் குடியேற்றத் துறைச் சோதனைகள் நடந்த வாரங்களில் அந்தத் தெருவில் நடந்து போனேன். சனிக்கிழமை மதியம், திருமண உடைக் கடைகள் திறந்திருக்கின்றன, உள்ளே ஆள் இல்லை. குடியுரிமை உள்ளவர்களும்கூட வெளியே வரப் பயந்தார்கள். அதே தெருவில் கடைக்காரர்களும் பக்கத்துத் தேவாலயத்துக்காரர்களும் முறை வைத்து மூலைக்கு மூலை நின்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்ததையும் பார்த்தேன். செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையுமே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஹூஸ்டன்_கதிர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வார்டு முறை இவ்வளவு பெரிய விஷயம் என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தது வருத்தமாக இருக்கிறது. ராஜா, மூட்டையாகக் கட்டிப் பேசியது என் தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன்.

மீனா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். மேலே சொன்ன கூரைத் தொழில்காரரிடம் நேற்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மாவுக்கு 71 வயது. 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் ஆவணம் பெற்ற சுமார் 27 லட்சம் பேரில் அவரும் ஒருவர், முப்பது வருஷத்துக்கு மேல் கிரீன் கார்டோடு இருக்கிறார். ஆங்கிலம் வராது, அதனால் குடியுரிமைத் தேர்வு எழுதவே முடியாது என்று அந்த எண்ணத்தையே விட்டுவிட்டாராம். இப்போது கேள்விகளும் கூடிவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பயப்படுகிறார். ஏதாவது வழி இருக்கிறதா?

வரிக்கணக்கு_மீனா:

நிச்சயமாக இருக்கிறது, அவரிடம் இன்றே சொல்லுங்கள். கேள்விப் பட்டியல் 100-லிருந்து 128 ஆனது உண்மை, 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களிடம் 20 கேள்வி கேட்பார்கள், 12 சரியாக வர வேண்டும். ஆனால் 65 வயது தாண்டி, 20 வருஷம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆங்கிலத் தேர்வே கிடையாது. இருபதே கேள்விகள் கொண்ட தனிப் பட்டியல், அதிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறு சொன்னால் போதும். ஸ்பானிஷிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போகலாம். எழுத்தே கிடையாது, எல்லாம் வாய்மொழிதான். விண்ணப்பக் கட்டணம் ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. வருமானம் குறைவு என்றால் சலுகையும் கேட்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இத்தனை வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தாலோ, பழைய வழக்கு ஏதாவது இருந்தாலோ, விண்ணப்பத்தைத் தொடும் முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். நோட்டாரியோ என்று பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிக்கிறவர்களிடம் தயவுசெய்து போக வேண்டாம், மெக்சிகோவில் அந்தச் சொல்லுக்குப் படித்த வக்கீல் என்று பொருள், இங்கே வெறும் கையெழுத்துச் சாட்சி.

சனிக்கிழமை காலை எங்கள் பகுதி நூலகத்தில் படிவம் நிரப்ப உதவுகிறோம். அம்மாவைக் கூட்டி வரச் சொல்லுங்கள். கிரீன் கார்டு இரண்டு பக்கமும், கடைசி ஐந்து வருஷ வரிக் கணக்கு, வெளிநாடு போய் வந்த தேதிகள், இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். இருபது கேள்விகளும் ஸ்பானிஷில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன், அவருக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன்.

ஹூஸ்டன்_கதிர்:

சொல்லிவிட்டேன். அவர் அம்மாவுக்கு உடனே போன் போட்டார், ஸ்பீக்கரில். எனக்குப் புரிந்தது பாதிதான், "எந்த சனிக்கிழமை, எத்தனை மணிக்கு" என்று அவர் இரண்டு தடவை கேட்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. பத்து மணிக்கு வந்துவிடுவோம், வண்டி நானே ஓட்டுகிறேன்.